‘ஷார்ட் ஆனாலும் தாங்கும்’: சுவிட்ச்சிங் ரெகுலேட்டரின் மிகை மின்னோட்டப் பாதுகாப்பு யாரைக் காக்கிறது?

சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடையிலோ வாங்கும் சின்ன டிசி மாட்யூல்களின் (வோல்டேஜை மாற்றித் தரும் சுவிட்ச்சிங் ரெகுலேட்டர் போர்டுகளின்) குறிப்பில் அநேகமாக இப்படி ஒரு வரி இருக்கும்: ‘3 ஆம்பியர், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு உண்டு.’ அதை நம்பி வாங்கியவர்கள் மூன்று விதமாகக் குழம்புகிறார்கள். ஒருவருக்கு 3 ஆம்பியர் லோடு கொடுத்ததுமே வோல்டேஜ் சரிகிறது. இன்னொருவருக்கு எல்இடி பட்டை மின்னி மின்னி அணைகிறது. மூன்றாமவருக்கு, அவுட்புட் சில நிமிடம் ஷார்ட்டில் கிடந்ததில் டயோடு கருகிப்போகிறது. சிப்புக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

மூன்று இடத்திலும் பாதுகாப்பு வேலை செய்திருக்கிறது. டயோடு கருகிய இடத்திலும்தான். ஏனென்றால் அந்தப் பாதுகாப்பு, சிப் தன்னுள் இருக்கும் சுவிட்சைக் காத்துக்கொள்வதற்கான ஏற்பாடு. பக்கத்தில் இருக்கும் டயோடு, உங்கள் வயர், உங்கள் லோடு ஆகியவை அதன் பொறுப்பில் இல்லை. இது புரிய, ரெகுலேட்டருக்குள் மின்னோட்டம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## அடிப்படை: சுவிட்ச், காயில், டயோடு

7805 போன்ற லீனியர் ரெகுலேட்டர் 12 வோல்டை 5 ஆக்கும்போது, மீதி 7 வோல்டைத் தன் உடம்பிலேயே வெப்பமாக எரிக்கிறது. சுவிட்ச்சிங் ரெகுலேட்டர் அப்படிச் செய்வதில்லை. ஒரு சுவிட்சை நொடிக்கு லட்சக்கணக்கான முறை போட்டு அணைக்கிறது. சுவிட்ச் போட்டிருக்கும் நேரத்தில் இன்புட்டிலிருந்து காயில் வழியாக மின்னோட்டம் ஏறுகிறது. அணைந்திருக்கும் நேரத்தில், காயிலில் சேர்ந்த ஆற்றல் டயோடு வழியே சுற்றி வந்து லோடுக்குப் போகிறது. மின்னோட்டம் மெல்ல இறங்குகிறது. அவுட்புட் கெப்பாசிட்டர் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிறது. வோல்டேஜைக் குறைக்கும் இந்த அமைப்புக்குப் பக் கன்வெர்ட்டர் என்று பெயர்.

இண்டக்டர் என்ற காயிலின் குணம் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்தால் போதும். அதில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று மாறாது. ஏறும் வேகமும் இறங்கும் வேகமும், அதன் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்டேஜைப் பொறுத்தவை: அந்த வோல்டேஜைக் காயிலின் இண்டக்டன்ஸால் (இதன் அலகு ஹென்றி) வகுத்தால் வேகம் கிடைக்கும். திருவிழாத் தேர் போலத்தான். இழுத்தால் மெல்ல வேகம் பிடிக்கும். கயிற்றை விட்டாலும் உடனே நிற்காது.

கட்டுரை முழுக்கப் பயன்படுத்த ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். இன்புட் 12 வோல்ட், அவுட்புட் 5 வோல்ட், 10 மைக்ரோ ஹென்றி காயில், 500 கிலோ ஹெர்ட்ஸ் வேகம். அதாவது ஒரு சுற்றுக்கு 2 மைக்ரோ நொடி. டயோடில் 0.5 வோல்ட் இழப்பு.

1. சுவிட்ச் போட்டிருக்கும்போது காயிலின் மேல் 12 கழித்தல் 5, அதாவது 7 வோல்ட். மின்னோட்டம் மைக்ரோ நொடிக்கு 0.7 ஆம்பியர் வேகத்தில் ஏறும்.
2. அணைந்திருக்கும்போது அவுட்புட்டின் 5 வோல்ட்டும் டயோடின் 0.5 வோல்ட்டும் சேர்ந்து எதிர்க்கின்றன. மைக்ரோ நொடிக்கு 0.55 ஆம்பியர் வேகத்தில் இறங்கும்.
3. ஏறியதும் இறங்கியதும் சமமாக வேண்டுமானால், 2 மைக்ரோ நொடியில் சுமார் 0.88 மைக்ரோ நொடி சுவிட்ச் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் சுமார் 0.62 ஆம்பியர் ஏறி, அதே அளவு இறங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் ரிப்பிள்.

லோடு 3 ஆம்பியர் கேட்டால், காயிலில் மின்னோட்டம் 2.69க்கும் 3.31க்கும் இடையே அலையும். எல்லாம் நலம்.

## ஷார்ட் ஆனதும் உள்ளே நடப்பது

இப்போது அவுட்புட்டில் ஒரு கம்பி குறுக்கே விழுகிறது. முதலில் தெறிக்கும் தீப்பொறிக்கும் ரெகுலேட்டருக்கும் சம்பந்தமே இல்லை. அது அவுட்புட் கெப்பாசிட்டரில் சேர்ந்திருந்த மின்னூட்டம். அது காயிலைத் தாண்டி இருக்கிறது, எந்தச் சிப்பாலும் அதைத் தடுக்க முடியாது. பெரிய கெப்பாசிட்டர் போட்டால் பெரிய பொறி.

பொறி அடங்கியதும்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. அவுட்புட் இப்போது 0 வோல்ட். மேலே போட்ட கணக்கு இரண்டு பக்கமும் கெடுகிறது.

1. சுவிட்ச் போட்டிருக்கும்போது காயிலின் மேல் முழு 12 வோல்ட். ஏறும் வேகம் மைக்ரோ நொடிக்கு 1.2 ஆம்பியர்.
2. அணைந்திருக்கும்போது எதிர்ப்பதற்கு டயோடின் 0.5 வோல்ட் மட்டுமே மிச்சம். இறங்கும் வேகம் மைக்ரோ நொடிக்கு 0.05 ஆம்பியர். முன்பு இருந்ததில் பதினொன்றில் ஒரு பங்கு.

ஏற்றம் வேகமாவதைப் பலரும் எதிர்பார்க்கிறார்கள். இறக்கம் ஏறக்குறைய நின்றே போகிறது என்பதைத்தான் கவனிப்பதில்லை. தேருக்கு 5 வோல்ட் என்பது ஒரு மேடு. இழுப்பதை நிறுத்தினால் மேடே வேகத்தைத் தணித்துவிடும். ஷார்ட் என்பது அந்த மேடு காணாமல் போவது. அப்புறம் ஒவ்வொரு இழுப்பும் முந்தைய வேகத்தின் மேல் கூடிக்கொண்டே போகும்.

சரி, சிப் மின்னோட்டத்தைக் கவனித்து, 4 ஆம்பியரைத் தொட்டதும் சுவிட்சை அணைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் இப்படி உச்சத்தைப் பார்த்து வெட்டுவதுதான் மிகப் பழைய, மிகப் பரவலான முறை. அது மட்டும் போதுமா? போதாது.

சுவிட்ச் போட்ட மறுகணமே ஒரு கூர்மையான மின்னோட்ட முள் எழும். டயோடு அணைய எடுக்கும் நேரமும் சுற்றியுள்ள சிறு கெப்பாசிட்டன்ஸ்களும் இதற்குக் காரணம். அதை ஷார்ட் என்று தவறாக நினைக்காமல் இருக்க, சிப் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொள்கிறது. அதோடு, பார்த்த பிறகு முடிவெடுத்து சுவிட்சை அணைக்கவும் சில பத்து நானோ நொடி ஆகும். இரண்டும் சேர்ந்து, எவ்வளவு அவசரம் என்றாலும் ஒரு சுற்றில் சுவிட்ச் குறைந்தது 150 நானோ நொடி போட்டே இருக்கும் என்று கொள்வோம்.

அந்த 150 நானோ நொடியில் மின்னோட்டம் 0.18 ஆம்பியர் ஏறுகிறது. மீதி 1.85 மைக்ரோ நொடியில் இறங்குவது 0.0925 ஆம்பியர்தான். ஒவ்வொரு சுற்றிலும் 0.0875 ஆம்பியர் மிச்சம். சிப் ஒவ்வொரு முறையும் எல்லை தாண்டிவிட்டதைப் பார்க்கிறது, முடிந்தவரை சீக்கிரம் அணைக்கிறது, இருந்தும் மின்னோட்டம் படிப்படியாக ஏறுகிறது. தடை எதுவும் இல்லாவிட்டால் 100 சுற்றில், அதாவது 200 மைக்ரோ நொடியில், எல்லைக்கு மேல் இன்னும் 8.75 ஆம்பியர் கூடிவிடும். எந்தப் பாகமும் பழுதாகவில்லை. வடிவமைத்தபடியே எல்லாம் ஓடுகிறது. ஆனாலும் மின்னோட்டம் கைமீறிப் போகிறது.

நிஜத்தில் இந்தப் படிக்கட்டு எங்கோ நிற்கும். காயிலின் கம்பியிலும் ஷார்ட் ஆன பாதையிலும் உள்ள ரெசிஸ்டன்ஸ், மின்னோட்டம் ஏற ஏற எதிர்ப்பைக் கூட்டும். அது மொத்தம் 0.1 ஓம் இருந்தால் மேற்கண்ட கணக்கில் சுமார் 4.4 ஆம்பியரில் நின்றுவிடும். அதே பாதை 0.02 ஓம் என்றால் 22 ஆம்பியர் வரை போகும். இழப்பு குறைவான, தடித்த கம்பி சுற்றிய நல்ல காயில் போட்டவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்பது விசித்திரமாகத் தோன்றும்; ஆனால் கணக்கு அதைத்தான் சொல்கிறது. இன்புட் 12க்குப் பதில் 24 வோல்ட் என்றால், 0.1 ஓமிலேயே 13 ஆம்பியரைத் தாண்டும். 12 வோல்டில் ஷார்ட் செய்து பார்த்துத் தேறிய மாட்யூல் 24 வோல்டில் வெடிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

22 ஆம்பியர் வருவதற்கு வெகு முன்பே காயில் காலைவாரிவிடும். ஒவ்வொரு காயிலின் மையப்பொருளுக்கும் தாங்கும் காந்தப் புலத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ஹென்றி அளவு சரியும். இதைச் சாச்சுரேஷன் என்பார்கள். 10 மைக்ரோ ஹென்றி 2 ஆகக் குறைந்தால், ஏறும் வேகம் ஐந்து மடங்கு. சிப் கண்ணைத் திறப்பதற்குள் மின்னோட்டம் எங்கோ போயிருக்கும். ஃபெரைட் மையம் இந்த வரம்பில் சட்டென்று சரியும். இரும்புத் தூள் மையம் மெதுவாக, முன்னெச்சரிக்கை தந்து சரியும். ஃபெரைட்டின் வரம்பு சூட்டில் இன்னும் கீழே இறங்கும். ஆகவே காயிலின் சாச்சுரேஷன் மின்னோட்டம், லோடு கேட்பதை விட அதிகமாக இருந்தால் போதாது. சிப்பின் அதிகபட்ச எல்லையை விட அதிகமாக, அதுவும் சூடான நிலையில் அதிகமாக இருக்க வேண்டும். மலிவு மாட்யூல்கள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

## எல்லை என்பது ஒரே எண் அல்ல

எல்எம்2596 என்ற சிப்பை எடுத்துக்கொள்வோம். மாணவர் புராஜெக்ட்டுகளில் அது இல்லாத இடமே குறைவு. 150 கிலோ ஹெர்ட்ஸில் ஓடும், 3 ஆம்பியர் தரும். அதன் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) மின்னோட்ட எல்லை 25 டிகிரியில் மூன்று எண்களாகத் தரப்பட்டிருக்கிறது: குறைந்தபட்சம் 3.6, வழக்கமாக 4.5, அதிகபட்சம் 6.9 ஆம்பியர். ஒரே பெட்டியில் வந்த இரண்டு சிப்புகளில் ஒன்று 3.6இல் வெட்டலாம், இன்னொன்று 6.9 வரை விடலாம். இரண்டும் தரச் சோதனையில் தேறியவையே.

இந்த மூன்று எண்களையும் வேறு வேறு கேள்விக்குப் பயன்படுத்த வேண்டும்.

1. லோடுக்கு எவ்வளவு நிச்சயமாகக் கிடைக்கும் என்று கணக்கிட, குறைந்தபட்ச எண்.
2. காயில், டயோடு, போர்டின் செம்புத் தடம் எதைத் தாங்க வேண்டும் என்று கணக்கிட, அதிகபட்ச எண்.
3. நடுவில் உள்ள எண், மேசையில் வைத்து அளக்கும்போது என்ன வரும் என்று எதிர்பார்க்க மட்டும்.

இன்னொரு நுணுக்கம். சிப் பார்ப்பது காயில் மின்னோட்டத்தின் உச்சத்தை. லோடு பெறுவது சராசரியை. உச்ச எல்லையிலிருந்து ரிப்பிளில் பாதியைக் கழித்தால்தான் லோடுக்கான எல்லை. நம் உதாரணத்தில் உச்சம் 4 ஆம்பியர் என்றால் லோடுக்குக் கிடைப்பது 3.69.

போலிச் சிப்புகளின் விளைவும் இங்கேதான் தெரியும். எல்எம்2596 என்று அச்சிட்ட சிப், 150க்குப் பதில் 50 கிலோ ஹெர்ட்ஸ் அருகே ஓடுவதைப் பலர் அளந்து பார்த்திருக்கிறார்கள். வேகம் மூன்றில் ஒன்றானால் ரிப்பிள் மூன்று மடங்கு. 12 வோல்டை 5 ஆக்கும் மாட்யூலில் 33 மைக்ரோ ஹென்றி காயில் இருந்தால், அசல் சிப்பில் ரிப்பிள் 0.62 ஆம்பியர், 50 கிலோ ஹெர்ட்ஸில் அது 1.87. லோடு 3 ஆம்பியர் என்றால் உச்சம் 3.9ஐத் தாண்டும். 3.6இல் எல்லை உள்ள சிப் அதற்கு முன்பே வெட்டத் தொடங்கி, வோல்டேஜ் சரியும். முதல் குழம்பியவரின் மாட்யூலில் நடப்பது இப்படி ஏதாவது ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

## மின்னோட்டத்தை எப்படி அளக்கிறார்கள்?

நேரடியான வழி, மின்னோட்டத்தின் பாதையில் ஒரு சிறு ரெசிஸ்டர் வைத்து அதன் மேல் வோல்டேஜைப் பார்ப்பது. எம்சி34063 என்ற பழைய சிப் இப்படித்தான் செய்கிறது. பழைய கார் சார்ஜர்களைத் திறந்தால் இதைப் பார்க்கலாம். ரெசிஸ்டரின் மேல் சுமார் 0.3 வோல்ட் வந்தால் எல்லை. 1.5 ஆம்பியரில் வெட்ட வேண்டுமா, 0.3ஐ 1.5ஆல் வகுத்து 0.2 ஓம் போட வேண்டும். காசை மிச்சம் பிடிக்க அந்த இடத்தில் வெறும் கம்பியைப் போட்டாலும் சார்ஜர் வழக்கம்போல் வேலை செய்யும். பாதுகாப்பு மட்டும் இருக்காது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

ரெசிஸ்டர் துல்லியமானது, ஆனால் வெப்பத்தை வீணடிக்கும். அதனால் புதிய வடிவமைப்புகள் ஏற்கெனவே பாதையில் இருக்கும் பொருளையே அளவுகோலாக்குகின்றன: சுவிட்சாக இருக்கும் மாஸ்ஃபெட்டின் ரெசிஸ்டன்ஸ், அல்லது காயில் கம்பியின் ரெசிஸ்டன்ஸ். செலவு இல்லை, வீணும் இல்லை. ஆனால் இவை சூட்டில் மாறும். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் கூடும். 25இலிருந்து 125 டிகிரி போனால் ஏறக்குறைய 40 சதவீதம். மாஸ்ஃபெட்டில் இது இன்னும் அதிகம். சூடானால் அதே மின்னோட்டம் பெரிதாகத் தெரியும், எல்லை தானாகக் கீழே வரும். பாதுகாப்பின் பக்கம் சாய்ந்த பிழை என்பதால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் காலையில் ஓடிய கருவி நண்பகல் வெயிலில் தகரப் பெட்டிக்குள் இருந்து வெட்டி வெட்டி ஓடினால், இதையும் சந்தேகிக்க வேண்டும்.

## எல்லை தாண்டினால் சிப் என்ன செய்யும்?

படிக்கட்டு ஏற்றத்தை அடக்க வடிவமைப்பாளர்கள் கண்ட வழிகள் சில. டேட்டாஷீட்டில் எந்த வழி என்று பார்த்தால், ஷார்ட்டின்போது மாட்யூல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

1. வேகத்தைக் குறைப்பது. அவுட்புட் வோல்டேஜ் விழ விழ, சிப் தன் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறது. டிபிஎஸ்54331 சிப் 570 கிலோ ஹெர்ட்ஸில் ஓடுவது. ஷார்ட்டில் அதன் வேகம் எட்டில் ஒன்றாகும். நம் 500 கிலோ ஹெர்ட்ஸ் உதாரணத்திலும் எட்டால் வகுத்தால், ஒரு சுற்று 16 மைக்ரோ நொடி. ஏற்றம் அதே 0.18 ஆம்பியர், இறங்குவதற்கு இப்போது 15.85 மைக்ரோ நொடி கிடைக்கிறது, 0.79 ஆம்பியர் வரை இறங்க இடம் உண்டு. படிக்கட்டு அடியோடு நின்றுவிட்டது. எல்எம்2596இலும் இதன் ஒரு வடிவம் இரண்டு கட்டமாக இருக்கிறது.

2. பள்ளத்தைப் பார்ப்பது. உச்சத்தைப் பார்த்து வெட்டுவதற்குப் பதில், மின்னோட்டம் எல்லைக்குக் கீழே இறங்கும்வரை அடுத்த சுற்றைத் தொடங்காமல் காத்திருப்பது. எத்தனை மைக்ரோ நொடி ஆனாலும் சரி, இறங்கினால்தான் மறுபடி போடும். கண்ணை மூடும் சிக்கலே இதில் கிடையாது, ஏனென்றால் பார்ப்பது சுவிட்ச் அணைந்திருக்கும்போது. இந்த வழிகளில் தர்க்கம் மிகச் சுத்தமாக உள்ளது இதுவே. உச்சம் மட்டும் எல்லையை விட ஒரு ரிப்பிள் அளவு மேலே போகும். காயிலைத் தேர்வு செய்யும்போது அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

3. விக்கல் முறை. எல்லை சிறிது நேரம் தொடர்ந்து மீறப்பட்டால், முழுவதுமாக நிறுத்திவிட்டு, கொஞ்சம் பொறுத்து மீண்டும் முயல்வது. உதாரணமாக 2 மில்லி நொடி முயற்சி, 30 மில்லி நொடி ஓய்வு என்றால், வெப்பம் பதினாறில் ஒரு பங்குதான். ஷார்ட்டை எடுத்ததும் தானாக எழுந்துகொள்ளும். எல்இடி பட்டை மின்னி மின்னி அணைவதாகச் சொன்னவரின் ரெகுலேட்டர் விக்குகிறது. லோடு எல்லையைத் தாண்டியிருக்கிறது என்று பொருள்.

4. பூட்டிக்கொள்வது. ஒரு முறை வெட்டினால், இன்புட்டை எடுத்துப் போடும்வரை எழாது. கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

விக்கல் முறையில் ஒரு பொறி இருக்கிறது. அதில் சிக்கியவர்கள் நிறைய. 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை 5 வோல்டுக்கு ஏற்ற வேண்டும். லோடும் தொடக்கத்திலிருந்தே 3 ஆம்பியர் கேட்கிறது. லோடு எல்லையான 3.69இல் 3 போனால் கெப்பாசிட்டருக்கு மிஞ்சுவது 0.7 ஆம்பியர். நிரம்ப 7 மில்லி நொடி ஆகும். சிப்போ 2 மில்லி நொடியில் பொறுமை இழந்து அணைத்துவிடுகிறது. ஓய்வு நேரத்தில் லோடு கெப்பாசிட்டரைக் காலி செய்கிறது. மறுபடி முயற்சி, மறுபடி அதே கதை. ஷார்ட்டே இல்லாமல் ரெகுலேட்டர் விக்கிக்கொண்டே இருக்கும். ‘ரிப்பிள் குறையட்டும்’ என்று அவுட்புட்டில் கெப்பாசிட்டர் மேல் கெப்பாசிட்டராகச் சேர்த்தவர்களுக்கு இது நேரும். வோல்டேஜை மெதுவாக ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட் வசதி ஓரளவு உதவும். லோடைச் சற்றுத் தாமதமாக இணைப்பது இன்னும் நம்பகமானது.

## டயோடு கருகியது ஏன்?

சாதாரண ஓட்டத்தில் நம் டயோடு சுற்றின் 56 சதவீத நேரம் மின்னோட்டத்தைச் சுமக்கிறது. மின்னோட்டம் எல்லையில் நிற்கும் ஷார்ட்டிலோ சுமார் 96 சதவீத நேரம், அதுவும் எல்லை மின்னோட்டம் முழுவதையும் சுமக்கிறது. 4 ஆம்பியர், 0.5 வோல்ட்: ஏறக்குறைய 2 வாட் வெப்பம் ஒரு சின்னச் சதுரத்தில். சுவிட்சுக்கு இந்த நேரத்தில் வேலையே குறைவு. சிப்பின் சூட்டுப் பாதுகாப்பு சிப்பின் சூட்டை மட்டும் பார்க்கும். பக்கத்து டயோடு 200 டிகிரியில் வறுபட்டாலும் அதற்குத் தெரியாது.

எல்எம்2596 டேட்டாஷீட் இதை ஒளிக்கவில்லை. அவுட்புட் தொடர்ந்து ஷார்ட்டில் இருப்பதைத் தாங்க வேண்டுமானால், டயோடின் மின்னோட்ட அளவு சிப்பின் அதிகபட்ச எல்லைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதாவது 6.9 ஆம்பியர். மலிவு மாட்யூலில் இருப்பது எஸ்எஸ்34, 3 ஆம்பியர் டயோடு. சிப் தயாரித்தவர் தந்த உறுதிமொழியை, மாட்யூல் செய்தவர் டயோடின் விலையில் முறித்துவிடுகிறார். ஆனால் பெட்டியின் மேல் வரி மட்டும் அப்படியே இருக்கிறது. இது வாங்குபவரை ஏமாற்றுவதுதான். மென்மையாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

## பூஸ்ட் கன்வெர்ட்டரில் நிலைமை வேறு

வோல்டேஜை ஏற்றும் பூஸ்ட் கன்வெர்ட்டரில் பாகங்கள் அதே, அடுக்கு வேறு. இன்புட்டிலிருந்து காயில், காயிலிலிருந்து டயோடு, டயோடிலிருந்து அவுட்புட். சுவிட்ச் நடுவிலிருந்து தரைக்குப் போகிறது. அவுட்புட் ஷார்ட் ஆனால் சுவிட்சை அணைத்துப் பயனில்லை. பேட்டரியிலிருந்து காயில், டயோடு வழியாக நேரே ஷார்ட்டுக்கு ஒரு திறந்த பாதை இருக்கிறது. சிப் முழுவதும் அணைந்திருந்தாலும் மின்னோட்டம் ஓடும்.

எனவே சாதாரணப் பூஸ்ட் மாட்யூலில் ‘மின்னோட்ட எல்லை உண்டு’ என்றால், அது சுவிட்சின் எல்லை மட்டுமே. ஷார்ட் பாதுகாப்பு வேண்டுமென்றால் பாதையைத் துண்டிக்க இன்னொரு மாஸ்ஃபெட் வேண்டும். தரமான பவர் பேங்க் சிப்புகளில் அது இருக்கும். இல்லாவிட்டால் லித்தியம் செல்லோடு வரும் பாதுகாப்புப் போர்டுதான் கடைசித் துணை. 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்லைப் பாதுகாப்புப் போர்டு இல்லாமல் மலிவுப் பூஸ்ட் மாட்யூலில் இணைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஷார்ட் ஆனால் இடையில் நிற்பது ஒரு காயிலும் டயோடும் மட்டுமே.

230 வோல்ட் மெயினிலிருந்து ஓடும் ஃப்ளைபேக் சப்ளைகளுக்கு (சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியே வோல்டேஜைக் குறைப்பவை) ஒரு குறிப்பு. யூசி3842 சிப் உள்ள சப்ளையில் அவுட்புட் ஷார்ட் ஆனால், சிப்புக்கு உணவு தரும் துணைச் சுற்றின் வோல்டேஜும் விழும். 10 வோல்டுக்குக் கீழே போனதும் சிப் உறங்கும், தொடக்க ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டர் மெல்ல ஏறி 16 வோல்டைத் தொட்டதும் விழிக்கும், மறுபடி உறங்கும். பழுதுபார்க்கும் கடைகளில் ‘டிக் டிக்’ என்று கேட்குமே, அந்தச் சத்தம் பல நேரம் இதுதான். யாரும் திட்டமிட்டு வைக்காமலே வாய்த்த விக்கல் முறை என்று சொல்லலாம். டிக் டிக் கேட்டால் யூசி3842ஐ மாற்றுவதற்கு முன் அவுட்புட் பக்க டயோடுகளை மீட்டரில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

## ஃபியூஸ் ஏன் போகவில்லை, எப்போது போகும்?

‘இன்புட்டில் 2 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தேன், அவுட்புட் ஷார்ட் ஆகியும் அது போகவே இல்லை’ என்று குழம்புபவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். 5 வோல்ட், 3 ஆம்பியர் லோடில் அவுட்புட் 15 வாட். இழப்பும் சேர்த்து இன்புட்டில் 1.4 ஆம்பியர் ஓடும். ஷார்ட்டில் மின்னோட்டம் 4 ஆம்பியரில் நின்றால், சுவிட்ச் போட்டிருக்கும் நேரம் 4 சதவீதம்தான். இன்புட் சராசரி 4இல் 4 சதவீதம்: 0.16 ஆம்பியர். ஷார்ட் ஆனதும் இன்புட் மின்னோட்டம் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. ஃபியூஸின் பார்வையில் லோடு குறைந்துவிட்டது.

அதே சமயம் அவுட்புட் வயரில் 4 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கிறது. 1 ஆம்பியருக்கான மெல்லிய வயரை 3 ஆம்பியர் மாட்யூலில் இணைத்திருந்தால், அந்த வயர் இளகும்வரை யாரும் எதையும் வெட்டப் போவதில்லை. வயரைக் காக்க வேண்டுமானால், வயரின் அளவுக்கு ஏற்ற ஃபியூஸ் அவுட்புட் பக்கம் வேண்டும். தானாக மீளும் பாலிஃபியூஸும் ஆகும். அது வெட்டச் சில நொடி கூட எடுக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இன்புட் ஃபியூஸ் இருப்பது வேறொரு நாளுக்காக. மாட்யூலை வாங்கியதும் அந்த நாளையும் சேர்த்து இப்படிச் சோதிக்கலாம்:

1. சிப்பின் பெயரைப் பார்த்து டேட்டாஷீட்டில் குறைந்தபட்ச, அதிகபட்ச எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச எண்ணுக்கும் உங்கள் லோடுக்கும் இடையே ரிப்பிளில் பாதி அளவாவது இடைவெளி வேண்டும்.
2. டயோடின் எண்ணைப் படித்து அதிகபட்ச எல்லையோடு ஒப்பிடுங்கள்.
3. உங்கள் உண்மையான இன்புட் வோல்டேஜில் சோதியுங்கள். 24 வோல்டில் ஓடப்போகும் மாட்யூலை 12 வோல்டில் ஷார்ட் செய்து பார்த்துப் பயனில்லை.
4. லோடை மெல்லக் கூட்டி, வோல்டேஜ் எந்த ஆம்பியரில் சரிகிறது என்று அளவிடுங்கள். மாட்யூல் நன்றாகச் சூடான பிறகு அதே அளவை மீண்டும் எடுங்கள்.
5. பிறகு ஷார்ட் செய்து, காயிலையும் டயோடையும் சூட்டுமானியால் பாருங்கள். விரல் வைக்க வேண்டாம்.
6. சுவிட்சே உருகி நிரந்தரமாகப் போட்ட நிலையில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று காகிதத்தில் யோசியுங்கள்.

கடைசிக் கேள்விதான் கனமானது. சுவிட்ச் சாகும்போது பெரும்பாலும் திறந்து சாவதில்லை, ஒட்டிக்கொண்டு சாகிறது. அப்போது 12 வோல்ட் காயில் வழியாக நேரே 5 வோல்ட் கருவிக்குள் போகும். மிகை மின்னோட்டப் பாதுகாப்பு முழுவதும் அந்தச் சுவிட்சை அணைப்பதை நம்பியே இருக்கிறது. சுவிட்ச் அணைய மறுத்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. அவுட்புட்டில் 6 வோல்ட் அருகே கடத்தத் தொடங்கும் ஒரு பெரிய ஜீனர் டயோடையோ எஸ்சிஆர் (ஒரு முறை தூண்டினால் கடத்திக்கொண்டே இருக்கும் சுவிட்ச்) சுற்றையோ வைத்திருந்தால், அது மிகை வோல்டேஜைத் தரைக்கு இழுக்கும். இன்புட்டிலிருந்து வரும் மின்னோட்டம் இப்போதுதான் உண்மையிலேயே ஏறும். அந்த 2 ஆம்பியர் ஃபியூஸ் இந்த முறை எரிந்து போகும், கருவி பிழைக்கும்.